பழைய எம்டிபிக்கு ரிஜிட் ஃபோர்க்: எந்த நீளம், எந்த ரகம்?

கோவையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 2009இல் வாங்கிய 26 அங்குல அலுமினிய ஹார்ட்டெயில், அதாவது முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்). முன்னால் 80 மி.மீ. சஸ்பென்ஷன் ஃபோர்க், உள்ளே துருப்பிடித்து இறுகிப்போய் இரண்டு வருஷமாக அசைவதே இல்லை. அதைக் கழற்றிவிட்டு ரிஜிட் ஃபோர்க், அதாவது சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க், போட நினைக்கிறார். ரிம்மை இருபக்கமும் பிடிக்கும் வி-பிரேக். தினமும் ஆபீஸுக்குப் போக வர 18 கிலோமீட்டர், ஞாயிற்றுக்கிழமை என்றால் சிறுவாணி ரோடு அல்லது ஏதாவது ஒரு குளக்கரை மண்பாதை. பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் "நம்மகிட்ட ஒரு ஃபோர்க் கிடக்கு, போட்டுரலாம்" என்கிறார். இணையத்தில் 29 அங்குல வண்டிக்கான கார்பன் ஃபோர்க் ஒன்று கண்ணைப் பறிக்கிறது. இரண்டில் எது என்பது கேள்வி.

இரண்டுமே வேண்டாம். உங்களுக்குத் தேவை 26 அங்குலச் சக்கரத்துக்கென்றே செய்த, வி-பிரேக் குமிழ்கள் உள்ள, ஆக்சிலிலிருந்து கிரவுன் (இரண்டு கால்களும் சேரும் தலைப்பகுதி) வரை ஏறத்தாழ 425 முதல் 440 மி.மீ. நீளமுள்ள ஸ்டீல் ஃபோர்க். ஸ்டீரர் குழாய் (ஃபோர்க்கின் தலையிலிருந்து ஃபிரேமுக்குள் மேலே ஏறும் குழாய்) 1⅛ அங்குலம், மரை இல்லாதது, மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமன். அவசரம் என்றால் இதைக் குறித்துக்கொண்டு தேடப் போகலாம். ஏன் இந்த எண்கள் என்று தெரிந்துகொண்டால் கடையில் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. அதற்குத்தான் மீதிப் பதில்.

முதலில் நீளம். ஃபோர்க் என்றாலே எல்லோரும் எடையைக் கேட்கிறார்கள், நிறத்தைக் கேட்கிறார்கள், கார்பனா என்று கேட்கிறார்கள். நீளத்தைக் கேட்பவர் பத்தில் ஒருவர்கூட இல்லை. வண்டி இனி எப்படித் திரும்பும் என்பதை முடிவு செய்வது அதுதான். முன் ஆக்சிலின் நடுவிலிருந்து, ஃபோர்க்கின் தலையில் ஹெட்செட்டின் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங் தொகுதி) கீழ் ரேஸ் (பேரிங் வளையம்) உட்காரும் தட்டையான விளிம்பு வரை டேப்பைப் பிடியுங்கள். ஃபோர்க்கைக் கழற்றவே வேண்டாம், வண்டியில் இருக்கும்போதே அளக்கலாம். 80 மி.மீ. பயணம் (அமுங்கக்கூடிய தூரம்) உள்ள 26 அங்குல ஃபோர்க் என்றால் 450க்குப் பக்கத்தில் வரும். உங்களுடையது 452 என்று வைத்துக்கொள்வோம்.

உடனே 452க்கு ரிஜிட் தேட ஓடாதீர்கள். சஸ்பென்ஷன் நல்ல நிலையில் இருந்த காலத்தில் நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் அது கொஞ்சம் அமுங்கியிருக்கும். பொதுவாகப் பயணத்தில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை. 80இல் 18 மி.மீ. என்று எடுத்துக்கொண்டால், ஆள் உட்கார்ந்த நிலையில் உண்மை நீளம் 434. ரிஜிட் ஃபோர்க் அமுங்காது. ஆகவே நீங்கள் தேட வேண்டிய எண் இந்த 434தான். இதற்குப் பத்து மி.மீ. முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை; பெரும்பாலானவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. உங்கள் வண்டி இரண்டு வருஷமாக இறுகி நிற்கிறது என்கிறீர்கள். அது எந்த நீளத்தில் இறுகியது என்பதையும் பாருங்கள். பாதி அமுங்கிய நிலையில் நின்றிருந்தால் டேப் காட்டும் எண்ணில் அர்த்தமில்லை. அப்போது ஃபோர்க் காலின் உள்குழாயில் வெளியே தெரியும் பளபளப்பான பகுதியையும், முழுப் பயணம் 80 என்பதையும் வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

நீளம் தவறினால் என்ன ஆகும்? முன்பக்கம் 20 மி.மீ. தாழ்ந்தால் ஹெட் குழாயின் (ஃபிரேமில் ஸ்டீரர் நுழையும் முன்குழாய்) சாய்வு சுமார் ஒரு டிகிரி நிமிர்கிறது. அதே 20க்கு பெடல் அச்சு 8 மி.மீ. தரையை நோக்கி இறங்குகிறது. கடைக்காரர் எடுத்துவைத்திருப்பது, நான் நினைப்பது சரியென்றால், சஸ்பென்ஷனே இல்லாமல் வரும் சாதாரண எம்டிபியின் ஃபோர்க். அவை 390, 395க்குள் இருக்கும். உங்கள் 434இலிருந்து 392க்கு இறங்கினால் 42 மி.மீ. குறைவு. கோணம் இரண்டேகால் டிகிரி நிமிரும், பெடல் 17 மி.மீ. இறங்கும். 71 டிகிரி இருந்த வண்டி 73ஐத் தாண்டும். அது ரேஸ் சைக்கிளின் கோணம்.

இதை நானே செய்து பார்த்திருக்கிறேன், ஆசைப்பட்டு அல்ல, கையில் இருந்ததைப் போட்டு. தெருவுக்குள் ஓட்டும்போது ஆகா, என்ன சுறுசுறுப்பு என்று இருந்தது. பாலத்து இறக்கத்தில் நாற்பதைத் தொட்டதும் ஹேண்டில்பார் நடுங்க ஆரம்பித்தது. ஒரு கையை எடுத்து மூக்கைத் துடைக்கக்கூட முடியவில்லை. அப்புறம் ஒரு திருப்பத்தில் உள்பக்கப் பெடல் தரையைத் தட்டி, பின் சக்கரம் ஒரு கணம் தூக்கிப் போட்டது. அடுத்த நாளே பழைய ஃபோர்க்கை மாட்டிவிட்டேன். அதிலும் ஒரு கூத்து: கிரவுன் ரேஸைக் கழற்றும்போது ஒரு முனையை வளைத்துவிட்டு, புது ஹெட்செட்டுக்குத் தண்டம் அழுதேன்.

எதிர்ப்பக்கமும் தவறலாம். 29 அங்குல வண்டிக்கான ரிஜிட் ஃபோர்க்குகள் பெரும்பாலும் 465இலிருந்து 490 வரை. அதை உங்கள் ஃபிரேமில் போட்டால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். மேட்டில் ஏறும்போது முன் சக்கரம் மிதக்கும், மெதுவாகத் திருப்பினால் ஹேண்டில் தானாக ஒரு பக்கம் விழும். அது போக, ஃபோர்க் நீள நீள ஃபிரேமின் தலைப்பகுதியில் நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். 80 மி.மீ. ஃபோர்க்குக்காகக் கணக்குப் போட்டு வெல்டு செய்த பழைய அலுமினிய ஃபிரேமில் அந்தப் பரிசோதனை வேண்டாம். என் எல்லைக்கோடு இதுதான்: பழைய ஃபோர்க் முழுதாக நீண்டிருந்தபோது இருந்த நீளத்தைப் புது ரிஜிட் தாண்டக் கூடாது.

வாங்குவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். செல்போனில் சாய்வு காட்டும் செயலி இருக்கும். சமதரையில் வண்டியை நிறுத்தி, ஹெட் குழாயோடு ஒட்டி போனைப் பிடித்துக் கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பின் சக்கரத்துக்கு அடியில் 20 மி.மீ. பலகை ஒன்றை வையுங்கள். முன்பக்கம் 20 குறைந்தால் எந்தக் கோணம் வருமோ அது அப்படியே வந்துவிடும். தச்சர் கடையில் கிடைக்கும் துண்டுப் பலகை போதும். கோணத்துக்கு மட்டும்தான் இந்தச் சோதனை. பெடல் உயரத்தை இதை வைத்து அளக்காதீர்கள்.

நீளத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு எண் ஆஃப்செட், பழைய ஆட்கள் ரேக் என்பார்கள். ஸ்டீரர் குழாயின் நடுக்கோட்டிலிருந்து ஆக்சில் எவ்வளவு முன்னால் தள்ளி நிற்கிறது என்பது. 26 அங்குலத்துக்கு 38 முதல் 45 வரை எது கிடைத்தாலும் ஓடும். இதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இனி பொருந்துமா, பொருந்தாதா என்ற விஷயம். ஹேண்டில்பாரை ஸ்டீரரோடு பிடிக்கும் தண்டுக்கு மேலே ஒரு மூடி, அதன் நடுவில் ஒரு ஆலன் போல்ட் இருந்தால் உங்களுடையது மரையில்லாத ரகம். அதற்குப் பதிலாக ஹெட் குழாயின் மேல் பெரிய நட்டுகள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால் மரையுள்ள பழைய ரகம். 2009 வண்டி என்பதால் முதல் ரகமாகத்தான் இருக்கும். ஸ்டீரரின் வெளி விட்டத்தை வெர்னியரில் அளந்தால் 28.6 மி.மீ. வர வேண்டும், அதுதான் 1⅛ அங்குலம். தொண்ணூறுகளின் வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அந்தக் காலத்தில் 1 அங்குலமும் உண்டு, கேரி ஃபிஷர் வண்டிகளில் 1¼ அங்குலமும் உண்டு. கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மரையுள்ள ரகத்துக்கு ஸ்டீரரின் நீளமே உங்கள் ஹெட் குழாய்க்குச் சரியாக இருக்க வேண்டும். "லேத்தில் கொடுத்து மரையை இன்னும் இரண்டு அங்குலம் கீழே இறக்கிக்கலாம்" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். மரை வெட்டிய இடத்தில் குழாயின் சுவர் மெலிந்துவிடும். ஹேண்டிலின் முழுப் பாரமும் தாங்கும் இடம் அது.

இப்போது வரும் ஃபோர்க்குகளில் பாதிக்கு மேல் கீழே 1½ அங்குலம், மேலே 1⅛ என்று கூம்பாக இருக்கும். அது உங்கள் ஹெட் குழாய்க்குள் நுழையவே நுழையாது. விளம்பரத்தில் "எல்லா எம்டிபிக்கும்" என்று போட்டிருந்தாலும் இந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.

பிரேக்கில்தான் நிறையப் பேர் பணத்தைத் தொலைக்கிறார்கள். வி-பிரேக்கின் இரண்டு கைகளும் ஃபோர்க் கால்களில் பற்றவைத்த குமிழ்களில் மாட்டுகின்றன. அந்தக் குமிழ்களின் உயரம் ரிம்முக்கு ஏற்றது. 26 அங்குல எம்டிபி ரிம்மின் டயர் உட்காரும் விட்டம் 559 மி.மீ., 29 அங்குலத்துக்கும் 700சிக்கும் 622. வித்தியாசத்தில் பாதி 31.5 மி.மீ. அதாவது ஹைபிரிட் சைக்கிளின் 700சி ஃபோர்க்கை நீங்கள் வாங்கினால் பிரேக் கட்டை உங்கள் ரிம்முக்கு மூன்று செண்டிமீட்டர் மேலே, டயரில் போய் உரசும். கட்டையை இறக்கிச் சரிசெய்யும் அளவு இது அல்ல. இணையத்தில் பார்த்த அந்தக் கார்பன் ஃபோர்க்கில் குமிழே இருக்காது, டிஸ்க் மட்டும்தான். டிஸ்க்குக்கு மாற வேண்டுமென்றால் ரோட்டர் மாட்டும் ஹப், அதைக் கட்டிய சக்கரம், காலிப்பர், லீவர் என்று பட்டியல் நீளும். ஃபோர்க்கை விடச் சக்கரத்துக்கு அதிகம் செலவாகிவிடும்.

ஆனால் ஒன்று. டிஸ்க் குமிழ், வி-பிரேக் குமிழ் இரண்டும் உள்ள 26 அங்குல ஸ்டீல் ஃபோர்க் எங்காவது கண்ணில் பட்டால் சற்று விலை கூட என்றாலும் அதை எடுங்கள். இன்றைக்கு வி-பிரேக்கில் ஓட்டிவிட்டு, ரிம் தேய்ந்து சக்கரம் மாற்றும் நாளில் டிஸ்க்குக்குப் போகலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ரிம் பிரேக்கில் இறங்கியவருக்கு ரிம் எவ்வளவு சூடாகும் என்று தெரியும். நடுவில் நிறுத்தி விரலை வைத்துப் பாருங்கள், உடனே எடுத்துவிடுவீர்கள்.

ஆக்சில் பற்றி ஒரு வரி. உங்கள் முன் ஹப் 100 மி.மீ. அகலம், 9 மி.மீ. குவிக் ரிலீஸ். ஃபோர்க்கின் கீழ்முனை திறந்த பிளவாக இருக்க வேண்டும். மூடிய ஓட்டைக்குள் 15 மி.மீ. தண்டு நுழைக்கும் ரகம் வேண்டாம். பிளவின் ஓரத்தில் சின்ன உதடு மாதிரி தடுப்பு இருந்தால் அதை அரம் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். லீவர் தளர்ந்தாலும் சக்கரம் உடனே கழன்று விழாமல் காப்பது அதுதான்.

சரி, எந்த உலோகம்? கார்பன் அரைக்கிலோவிலிருந்து முக்கால் கிலோ, அலுமினியம் அதைவிடக் கொஞ்சம் கூட, குரோமோலி ஸ்டீல் ஒரு கிலோவிலிருந்து 1.2 கிலோ. உங்கள் பழைய ஸ்பிரிங் ஃபோர்க்கைக் கழற்றித் தராசில் வைத்தால் இரண்டரைக் கிலோ வரும். ஸ்டீல் போட்டாலே ஒரு கிலோவுக்கு மேல் மிச்சம். அதற்கு மேலும் 400 கிராம் குறைக்க, பெயர் தெரியாத விற்பவரிடம் கார்பன் வாங்க நான் துணிய மாட்டேன். ஸ்டீல் அடிபட்டால் பெரும்பாலும் வளைந்து காட்டிக்கொடுக்கும், பெயின்ட் சுருங்கும், நாம் பார்த்து ஒதுக்கிவிடலாம். கார்பனுக்குள் விரிசல் இருந்தால் வெளியே தெரியாமல் போகலாம். நல்ல நிறுவனத்துக் கார்பன் ஃபோர்க் வேறு கதை, ஆனால் 26 அங்குலத்துக்கு வி-பிரேக்கோடு அது கிடைப்பது குதிரைக் கொம்பு. அலுமினியத்தில் எனக்கு மனம் ஒட்டவில்லை. தடித்த குழாய், கையில் வந்து குத்தும். ஒரே ஒரு முறை 60 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு கட்டை விரல் மரத்துப்போனது.

வளைந்த கால் அதிர்வை விழுங்கும், நேர்க்கால் விழுங்காது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. கோனா கம்பெனியின் புராஜெக்ட் டூ ஃபோர்க் நேர்க்கால்தான். கிரவுனிலேயே கொஞ்சம் முன்னால் சாய்த்துவிட்டுக் கால்களை நேராக விட்டிருப்பார்கள். தொண்ணூறுகளில் எத்தனையோ பேர் அதில்தான் காட்டுப் பாதை ஓட்டினார்கள். காலின் வடிவத்தைவிடக் குழாய் எவ்வளவு மெல்லியது, கீழே போகப்போக எவ்வளவு ஒடுங்குகிறது என்பதுதான் பேசும். அதையும்விட அதிகம் பேசுவது டயர்.

கைக்கு இதம் வேண்டுமா, காசை அதில் போடுங்கள். முன்னால் 2.25 அல்லது 2.35 அங்குல டயர், காற்று 25 முதல் 30 பிஎஸ்ஐ. என் எடை 72 கிலோ, எனக்கு 28 சரியாக இருக்கிறது. உங்கள் எடைக்கு ஏற்ப ஏற்றி இறக்குங்கள். பெட்ரோல் பங்கில் கண்ணை மூடிக்கொண்டு 50 அடித்துவிட்டு "ரிஜிட் குத்துது" என்று சொல்லாதீர்கள். ஃபோர்க் வாங்கும்போதே கால்களுக்கு நடுவில் எவ்வளவு அகல டயர் போகும் என்று கேளுங்கள். இரு பக்கமும் தலா 6 மி.மீ.யாவது இடைவெளி வேண்டும், இல்லையென்றால் குளக்கரைச் சேறு முழுக்க அங்கேயே குடியிருக்கும்.

புதியது கிடைக்காமல் பழையது ஒன்று கையில் வந்தால், கிரவுனுக்கும் கால்களுக்கும் நடுவிலுள்ள வெல்டைச் சுற்றி நகத்தை ஓட்டிப் பாருங்கள். காலின் பின்பக்கம் பெயின்ட் சுருங்கியிருந்தால் எங்கோ மோதியிருக்கிறது. அடுத்து, நல்ல சக்கரம் ஒன்றை மாட்டி ரிம் இரண்டு கால்களுக்கும் நடுவே நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால், சக்கரத்தை இடவலம் மாற்றி மாட்டுங்கள். இப்போது மறுபக்கம் ஒதுங்கினால் கோளாறு சக்கரத்தில், கம்பிகளை இழுத்துச் சரிசெய்யலாம். மாற்றி மாட்டியும் அதே பக்கம் ஒதுங்கினால் ஃபோர்க் வளைந்திருக்கிறது, விலை பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்டீரரின் நீளத்தையும் மறக்காதீர்கள். முந்தைய சொந்தக்காரர் தன் சின்ன ஃபிரேமுக்காக வெட்டியிருப்பார். உங்கள் ஃபிரேமில் தண்டைப் பிடிக்க இடமே இருக்காது.

புது ஃபோர்க்கின் ஸ்டீரர் நீளமாகவே வரும். பழையதைப் பக்கத்தில் வைத்து அப்படியே வெட்டிவிடாதீர்கள். நீளம் 452இலிருந்து 434க்குக் குறைந்திருப்பதால் ஹேண்டிலும் கொஞ்சம் இறங்கும். பழையதைவிட 20 மி.மீ. கூடவே விட்டு, ஸ்பேசர் (இடைவளையம்) போட்டு ஒரு மாதம் ஓட்டுங்கள். முதுகு ஒத்துக்கொண்டால் பிறகு வெட்டலாம். வெட்டிய பிறகு ஒட்டுவதற்கு வழியில்லை. வெட்டும்போது குழாயின் முனை, மேலே உள்ள ஸ்பேசரின் விளிம்பைவிட 3 மி.மீ. கீழே நிற்க வேண்டும். அப்போதுதான் மேல் மூடியை இறுக்கும்போது பேரிங் ஆட்டம் எடுபடும்.

பழைய ஃபோர்க்கிலிருக்கும் கிரவுன் ரேஸைப் புதியதற்கு மாற்றலாம், உட்காருமிடம் இரண்டிலும் 30 மி.மீ. என்றால். விளிம்பில் பழைய கத்தியின் முனையை நுழைத்து இம்மி கிளப்பி, பிறகு தட்டை ஸ்குரூ டிரைவரை வைத்து இடம், வலம் என்று மாற்றி மாற்றி மெல்லத் தட்டுங்கள். ஒரே பக்கம் அடித்தால் என் கதைதான். புதியதில் ஏற்ற, ஸ்டீரரின் மேல் வழுக்கிக்கொண்டு போகும் அளவில் ஒரு துண்டு பிவிசி குழாய் போதும், மோட்டார் பம்பு சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். மேலே மரக்கட்டையை வைத்து அடியுங்கள். ரேஸ் முழுதாக உட்கார்ந்ததும் தட்டும் சத்தம் மாறும், "டொக் டொக்" போய் "டங்" என்று கேட்கும்.

மாட்டி முடித்ததும் மேல் மூடியை முதலில், தண்டின் பக்க போல்ட்டுகளைப் பிறகு. நிறையப் பேர் தலைகீழாகச் செய்துவிட்டு ஆட்டம் போகவில்லை என்று மூடியை முறுக்கி முறுக்கி உள்ளே இருக்கும் நட்சத்திர நட்டைப் பிய்த்துவிடுகிறார்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், ஹெட்செட்டில் கை வைத்தால் "கடக்" என்று தட்டுவது தெரியக் கூடாது. முதல் வாரம் முடிந்ததும் எல்லாப் போல்ட்டையும் இன்னொரு முறை பாருங்கள்.

ஓட்டும்போது முதலில் ஒரு விஷயம் விசித்திரமாகத் தெரியும். முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி முன்னே குனியாது. சஸ்பென்ஷன் வேலை செய்த காலத்தில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் ஃபோர்க் அமுங்கிக் கோணம் நிமிர்ந்துகொண்டே இருந்திருக்கும். இப்போது ஒரே கோணம். இறக்கத்தில் இது நிம்மதி. 425, 440 இரண்டும் கிடைத்து எதை எடுப்பது என்று குழம்பினால் 440ஐ எடுங்கள் என்பேன், உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பாதை மண்பாதை என்பதால். முழுக்கத் தார் ரோடு மட்டும் என்றால் 425.

மணிக்கட்டில் பழைய எலும்பு முறிவோ தீராத வலியோ இருந்தால் மட்டும் ரிஜிட் வேண்டாம், காற்று ஸ்பிரிங் உள்ள நல்ல ஃபோர்க்காகத் தேடுங்கள். மற்றபடி, கடைக்கு எடுத்துப் போக வேண்டிய எண்கள் நான்கு: ஆக்சிலிலிருந்து கிரவுன் வரை, ஸ்டீரரின் விட்டம், ஹெட் குழாயின் உயரம், இப்போதைய ஸ்டீரரின் நீளம். இவற்றை அளந்து எழுதுங்கள். கடைக்காரரிடம் கிடப்பதையும் டேப் வைத்து அளந்து அந்த எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். ஒருவேளை அது 430ஆக இருந்துவிட்டால் நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.